உண்ணி உதிரும் இடம்

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரியில் மாடு வளர்ப்பவர்களுக்கு உண்ணியைப் புதிதாகக் காட்ட வேண்டியதில்லை. மடியிலும் தொடையிடுக்கிலும் அலைதாடியிலும் வாலடியிலும் கொத்துக் கொத்தாக ஒட்டியிருப்பதைக் கண்டதும் மருந்து வாங்கித் தெளிக்கிறோம். உதிர்கிறது. ஒரு மாதம் போனால் மறுபடி ஏறிவிடுகிறது. உடனே மருந்து சரியில்லை என்று வேறொன்றுக்கு மாறுகிறோம். ஆனால் மாட்டின் மேல் நம் கண்ணில் படுவது உண்ணிக் கூட்டத்தில் சிறு பங்குதான். பெரும்பங்கு தொழுவின் தரையிலும் சுவர் வெடிப்பிலும் புல்லடியிலும் முட்டையாகவும் குஞ்சாகவும் காத்துக் கிடக்கிறது. அதைத் தொடாத வைத்தியம் அரை வைத்தியம்.

உண்ணி பூச்சியல்ல, சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், முட்டை விட்டு வந்த குஞ்சுக்கு ஆறு. நம் மாடுகளில் மிகுதியாக ஏறும் ரைப்பிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற இனம், குஞ்சாக ஏறிய மாட்டிலேயே இரண்டு முறை தோலுரித்து, வளர்ந்து, இணைசேர்ந்து, ஏறத்தாழ 21 நாளில் கீழே விழும். அப்படி விழுந்த பெண் உண்ணி சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஆமணக்கு முத்துப் போலவே இருக்கும். (ஆமணக்கின் அறிவியல் பெயரில் உள்ள ‘ரிசினஸ்’ லத்தீன் மொழியில் உண்ணியைக் குறிக்கும் சொல்தான், இந்த ஒற்றுமை லத்தீன் பேசியவர்கள் கண்ணிலும் பட்டிருக்கிறது.) ஈரமும் இருட்டுமான வெடிப்பாகப் பார்த்து அது ஊர்ந்துபோய் 2,000 முதல் 3,000 முட்டை இட்டுவிட்டுச் செத்துவிடும். கசகசாவைப் பாகில் பிசைந்து வைத்தாற்போல் முட்டைகள் பழுப்பாக ஒட்டிக் கிடக்கும். பொரிந்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறி முன்னங்காலை நீட்டியபடி மாட்டுக்குக் காத்திருக்கும். நிழலும் ஈரமும் வாய்த்தால் தீனியில்லாமலே மாதக்கணக்கில் தாங்கும்.

இந்த நாட்கணக்கை மதித்தவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். மாட்டின் மூத்திரம் இரத்தமாகப் போகும் டெக்சாஸ் காய்ச்சலைப் பரப்புவது உண்ணியே என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். கொசுவுக்குள் மலேரியாக் கிருமியை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது அதற்கு நாலு வருஷம் கழித்துத்தான். 1906இல் அமெரிக்கா உண்ணி ஒழிப்பைத் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்தார்கள். 21 நாள் நிறையும் முன்பே அடுத்த முக்கல். எனவே எந்தப் பெண் உண்ணியும் முட்டையிடும் பருவத்தை எட்டவில்லை. மேய்ச்சல் நிலங்களையும் மாடில்லாமல் மாதக்கணக்கில் சும்மா போட்டுக் குஞ்சுகளைப் பட்டினியில் சாகவிட்டார்கள். 1943க்குள் மெக்சிகோ எல்லையோரம் தவிர நாடு முழுவதும் இந்தக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணி ஒழிந்தது. நாமோ ஒரு முறை தெளித்துவிட்டு மறந்துவிடுகிறோம், அல்லது மனம்போனபடி அளவைக் கூட்டிக் குறைக்கிறோம். டெல்டாமெத்ரின் என்ற உண்ணி மருந்துக்கு மசியாத உண்ணிகள் இந்தியாவின் பல பகுதிகளில் உருவானதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

மாடு பகலெல்லாம் ஆற்றங்கரையில் ஊர் மாடுகளோடு மேய்கிறது, நம் தொழுவைச் சுத்தம் செய்து என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேய்ச்சலில் குஞ்சு ஏறுவதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனால் பெண் உண்ணி இராத்திரியில்தான் வயிறு முட்ட உறிஞ்சுகிறது, பெரும்பாலும் காலை வேளையில் விழுகிறது. அந்நேரம் மாடு நிற்பது நம் தொழுவில், கறவைக்காக. கோழி பொறுக்கித் தின்னும் என்பதும் உண்மை. ஆனால் வெடிப்புக்குள் அதன் அலகு போகாது. இயற்கை வைத்தியம் போதாதா என்பவர்கள் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி பரவலாக்கிய மரபு மருந்தைப் பார்க்கலாம். பூண்டு, வேப்பிலை, வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை இவற்றை அரைத்து மாட்டில் பூசச் சொல்லும் அதே குறிப்பு, தொழுவின் இண்டு இடுக்குகளிலும் தெளிக்கச் சொல்கிறது, வாரம் ஒரு முறை திரும்பச் செய்யவும் சொல்கிறது.

சுவர் வெடிப்பைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள். கூட்டிய சாணத்தையும் கூளத்தையும் தொழுவை ஒட்டிக் குவிக்காதீர்கள். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காமல் மண்ணெண்ணெயில் போடுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, பாலை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடமோ இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டுக்கொண்டு, மருந்து தெளித்த தேதியையும் அடுத்துத் தெளிக்க வேண்டிய தேதியையும் தொழுச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.