36 மணி நேர டியூட்டி

1984 மார்ச் 4 இரவு, காய்ச்சலும் உடல் நடுக்கமுமாக நியூயார்க் ஹாஸ்பிட்டலுக்கு வந்தார் லிபி ஜயான் என்ற 18 வயதுக் கல்லூரி மாணவி. மனச்சோர்வுக்கு ஃபெனெல்சின் மாத்திரை சாப்பிட்டுவந்தவர். நடுக்கத்தை அடக்க அவருக்குப் பெத்திடின் ஊசி போட்டார்கள். அந்த இரண்டும் ஓர் உடம்பில் சேரவே கூடாதவை. பின்னிரவில் அவர் கை கால்களை உதறித் திமிறினார். கட்டிலோடு கட்டிவைக்கச் சொன்ன பயிற்சி மருத்துவர் நேரில் வந்து பார்க்கவில்லை. அன்றிரவு அவர் பொறுப்பில் இருந்தவர்கள் ஏறக்குறைய 40 நோயாளிகள். மூத்த மருத்துவர் வீட்டிலிருந்து போனில் பேசியதோடு சரி. விடியும்போது காய்ச்சல் 107 டிகிரியைத் தொட்டது. லிபி பிழைக்கவில்லை.

அந்நாளில் அமெரிக்காவில் பயிற்சி மருத்துவர்களுக்கு 36 மணி நேரத் தொடர் டியூட்டி சர்வசாதாரணம். கண்விழித்துத்தான் தொழில் கற்கவேண்டும் என்பதில் மூத்தவர்களுக்குப் பெருமைகூட.

பத்திரிகையாளரும் வழக்கறிஞருமான லிபியின் தந்தை சிட்னி ஜயான் விடவில்லை. பயிற்சி மருத்துவர்களின் வேலைமுறையை ஆராய மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையில் குழு அமைந்தது. 1989இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வரம்பு கட்டியது: வாரத்துக்கு 80 மணி, ஒரே மூச்சில் 24 மணி. 2003இல் 80 மணி வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது. மறு ஆண்டே பாஸ்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்த ஆய்வு வெளியானது. பழைய முறையில் நீண்ட டியூட்டி பார்த்தவர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடுமையான தவறுகள் செய்திருந்தார்கள்.

2011இல் முதலாண்டுப் பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 16 மணிதான் என்றார்கள். 2017இல் அதுவே மறுபடி 24 ஆனது. நேரத்தைக் குறைத்தும் மரணங்கள் குறையவில்லை, டியூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிய விவரம் கைநழுவுகிறது என்பது வாதம். ஒருவர் கிளம்பும் அவசரத்தில் ஒவ்வாத மருந்தைச் சொல்ல மறந்தால், அடுத்தவர் அதை எழுதிவிடலாம். ஆபத்து உண்மைதான். அதற்காகத் தூக்கத்தைப் பறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விவரத்தை ஒப்படைப்பதற்கு ஒழுங்கான முறை கற்றுக்கொடுத்த ஆஸ்பத்திரிகளில் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததை 2014இல் வந்த ஆய்வு காட்டியதே! ஆனால் ஆள் சேர்க்காமல் மணியை மட்டும் வெட்டினால், அதே நோயாளிகளைக் குறைந்த நேரத்தில் ஓடி ஓடித்தான் பார்க்கவேண்டும்.

இத்தனை விதிகளும் பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டுமே. அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுபவர் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பயிற்சி முடித்த அறுவை மருத்துவர், இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலையில் கத்தியை எடுக்கலாம். அவரைத் தடுக்க அங்கே நாடு தழுவிய நேர வரம்பு இன்றும் இல்லை.