நிகழாத விபத்தை அளத்தல்

மோட்டார் வாகனப் பாதுகாப்புக்கான அமெரிக்கக் கூட்டாட்சித் தரநிலைகள் ஒரு விபத்தின் காலவரிசையை ஒட்டியே எண்ணிடப்பட்டுள்ளன. நூறில் தொடங்கும் எண்கள் விபத்து நேராமல் தவிர்ப்பதற்கானவை. இருநூறில் தொடங்குபவை மோதலின்போது உள்ளிருப்போரைக் காப்பதற்கானவை. முந்நூறில் தொடங்குபவை மோதலுக்குப் பின் எரிபொருள் கசிந்து தீப்பற்றுவது போன்ற கேடுகளைத் தடுப்பதற்கானவை. இத்தொடரின் சென்ற பகுதி இரண்டாம் வரிசையை, அதாவது தடுப்புச் சுவரில் மோதவிடப்படும் வண்டிகளையும் அவற்றினுள் அமர்த்தப்படும் பொம்மைகளையும் பற்றியதாக இருந்தது. மோதிய வண்டியில் தகடு எவ்வளவு நசுங்கியது, பொம்மையின் மார்பு எவ்வளவு அமுங்கியது என்று அளந்துவிடலாம். நேராமற்போன விபத்திலோ அளப்பதற்கு எதுவும் எஞ்சுவதில்லை. ஆகவே முதல் வரிசைத் தரநிலைகளின்படி வாகனங்களைச் சோதிப்பவர்கள் விபத்துக்குப் பதிலாக வேறொன்றை அளக்க வேண்டியிருக்கிறது. அந்த வேறொன்று எது என்று தேர்ந்தெடுப்பதிலேயே இத்துறையின் நுட்பம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

1966 செப்டம்பர் 9 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம், தரநிலைகள் நடைமுறைக்கு ஏற்றவையாகவும் பாதுகாப்புத் தேவையை நிறைவேற்றுபவையாகவும் மட்டுமன்றி, புறவயமான முறையில் வரையறுக்கப்பட்டவையாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. இந்த மூன்றாவது நிபந்தனையின் கூர்மை 1972-இல் கிரைஸ்லர் நிறுவனம் தொடுத்த வழக்கில் வெளிப்பட்டது. ஒரே சூழலில் திரும்பச் செய்தால் ஒரே முடிவைத் தருவதும், மனிதரின் அபிப்பிராயத்தை அன்றிக் கருவியின் அளவீட்டைச் சார்ந்திருப்பதுமே புறவயமான சோதனை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் விளக்கியது. வழக்கு மோதல் பாதுகாப்பைப் பற்றியதே எனினும், அத்தீர்ப்பின் தாக்கம் விபத்துத் தவிர்ப்புச் சோதனைகளின் மீதுதான் ஆழமாகப் படிந்தது எனலாம். ஏனெனில், ஒரு வண்டி ‘நன்றாக அடங்கி ஓடுகிறது’ என்று தேர்ந்த ஓட்டுநர் சொல்லும் சொல்லை ஏற்கும் வழி அதன்பின் அடைபட்டது.

அமெரிக்க முறையில் அரசு எந்த வாகனத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வழங்குவதில்லை. தன் வண்டி எல்லாத் தரநிலைகளுக்கும் இணங்குகிறது என்று உற்பத்தியாளரே சான்று கூறி, அதற்கான வில்லையை வண்டியில் ஒட்டி விற்பனைக்கு அனுப்புகிறார். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சில மாதிரிகளைத் தேர்ந்தெடுத்து, விற்பனைக்கு வந்த வண்டிகளை விலைக்கு வாங்கி, ஒப்பந்த ஆய்வகங்களில் சோதிக்கிறது. இணக்கமின்மை உறுதியானால் உற்பத்தியாளர் ஐந்து வேலை நாட்களுக்குள் அறிக்கை அளித்து, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். இந்தியாவின் முறை இதற்கு நேர்மாறானது: மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம், சென்னையை அடுத்த ஒரகடத்தில் உள்ள உலக வாகன ஆராய்ச்சி மையம் போன்ற அமைப்புகளுள் ஒன்று முன்மாதிரி வண்டியைச் சோதித்துச் சான்றளித்த பின்னரே அந்த வகை விற்பனைக்கு வரமுடியும்.

நூறாம் வரிசையில் மிகவும் சிந்தித்து வடிவமைக்கப்பட்ட சோதனை, ஈ.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டுக்கான 126-ஆம் தரநிலையில் இருக்கிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும் அளவையும் வண்டி உண்மையில் திரும்பும் அளவையும் உணரிகள் வழியே இடைவிடாது ஒப்பிட்டு, இரண்டும் பிசகும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானாகவே பிரேக் கொடுக்கும் அமைப்பு இது. திருப்பத்தில் வண்டியின் பின்புறம் வெளியே வீசினால் வெளிப்புற முன்சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து அந்தச் சுழற்சியை எதிர்க்கும். முன்சக்கரங்கள் திருப்பத்துக்கு அடங்காமல் வண்டி நேராக நழுவினால் உட்புறப் பின்சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்து உள்நோக்கித் திருப்பும். 1995-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் சொகுசுக் கார்களில் அறிமுகமான இவ்வமைப்பு பரவலாக அறியப்பட்டது 1997-இல்; அவ்வாண்டு சுவீடன் இதழ் ஒன்று நடத்திய திடீர் விலகல் சோதனையில் அதே நிறுவனத்தின் சிறிய ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்ததும், நிறுவனம் அந்தக் கார்கள் அனைத்திலும் இதைப் பொருத்தியது. தனி வாகன விபத்துகளைச் சாதாரணக் கார்களில் 34 விழுக்காடும் எஸ்.யூ.வி. வகையில் 59 விழுக்காடும் இது குறைக்கும் என்று மதிப்பிட்ட அமெரிக்க நிர்வாகம், 2007 ஏப்ரலில் தரநிலையை வெளியிட்டு, 2011 செப்டம்பர் முதல் 4,536 கிலோ வரை மொத்த எடை கொண்ட ஏறத்தாழ எல்லாப் புதிய வாகனங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது.

இச்சோதனையில் ஸ்டீயரிங்கைத் திருப்புவது மனிதக் கையன்று. அதன் மேல் பொருத்தப்படும் இயந்திரம். ஓட்டுநர் வேகத்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு சரி. பிரேக்குகளையும் டயர்களையும் விதித்த முறைப்படி சூடேற்றிய பின், உலர்ந்த தளத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், வண்டியின் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 மடங்கை எட்டுவதற்கு ஸ்டீயரிங் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று முதலில் கண்டறியப்படுகிறது. அந்தக் கோணமே அந்த வண்டிக்குரிய அலகு. ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பினாலே துள்ளித் திரும்பும் விளையாட்டுக் காரையும், நிறையத் திருப்பினால்தான் அசையும் பிக்கப் வண்டியையும் ஒரே நீதியோடு நிறுத்துப் பார்க்க வைப்பது இந்த அலகுதான்.

பின்னர் முக்கியமான ஓட்டங்கள் தொடங்குகின்றன. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்ட நிலையில், இயந்திரம் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பி, உடனே மறுபக்கம் திருப்பி, அந்த இரண்டாம் உச்சியில் அரை நொடி பிடித்து வைத்திருந்துவிட்டு நடுநிலைக்குக் கொண்டுவருகிறது. குறுக்கே வந்த ஒன்றைத் தவிர்க்க விலகிய ஓட்டுநர், பதற்றத்தோடு தன் தடத்துக்குத் திரும்ப முயலும் கணத்தின் வடிவம் அது. இந்த முழு அசைவுக்கும் இரண்டு நொடிக்குச் சற்றுக் குறைவான நேரமே ஆகிறது. அலகின் ஒன்றரை மடங்கில் தொடங்கி அரை மடங்கு அரை மடங்காகக் கோணம் கூட்டப்படுகிறது. ஆறரை மடங்கு அல்லது 270 பாகை, இரண்டில் எது பெரிதோ அதுவரை, இடம் தொடங்கி ஒரு வரிசையும் வலம் தொடங்கி ஒரு வரிசையும் நடத்தப்படும். ஸ்டீயரிங் நடுநிலைக்கு வந்த ஒரு நொடியில், வண்டி தன் செங்குத்து அச்சைப் பற்றிச் சுழலும் வேகம் அதன் உச்ச அளவில் 35 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது, 1.75 நொடியில் 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. ஸ்டீயரிங் நேரான பின்னும் சுற்றிக்கொண்டே போகும் வண்டி இந்த எண்களிடம் தப்ப முடியாது.

இவ்வளவோடு தரநிலை நின்றிருந்தால் அதில் ஆபத்தான ஓட்டை ஒன்று இருந்திருக்கும். ஸ்டீயரிங்கின் ஆணைக்கு மந்தமாகவே பணியும் வண்டி சுழலவே சுழலாது; சோதனையிலும் எளிதில் தேறிவிடும்; ஆனால் சாலையில் குறுக்கிட்டவரைத் தவிர்த்து விலகும் திறன் அதற்கு இராது. அதனால்தான், கோணம் அலகின் ஐந்து மடங்கையோ அதற்கு மேலோ எட்டும் ஓட்டங்களில், ஸ்டீயரிங் அசையத் தொடங்கிய 1.07 நொடிக்குள் வண்டி குறைந்தது 1.83 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருக்க வேண்டும் என்ற இரண்டாம் நிபந்தனை சேர்க்கப்பட்டது. 3,500 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு இது 1.52 மீட்டர். 1.07 நொடி என்பது ஸ்டீயரிங் அந்த இரண்டாம் உச்சியை எட்டும் கணம், 1.83 மீட்டர் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைத் தடத்தின் அகலத்தில் பாதி. நிலைப்பையும் பணிவையும் ஒன்றுக்கொன்று காவலாக நிறுத்திய இந்த ஏற்பாடு, விபத்துத் தவிர்ப்புச் சோதனைகளில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிகவும் பொறுப்பான சிந்தனை என்று தயங்காமல் கூறலாம்.

எனினும் இத்தரநிலை பாதியளவே சோதிக்கிறது என்பதும் சொல்லப்பட வேண்டும். மேற்கண்ட ஓட்டங்கள் யாவும் பின்புறம் வீசும் பிழையை மட்டுமே எழுப்புகின்றன. முன்புறம் அடங்காமல் நேராக நழுவும் பிழையையும் அமைப்பு திருத்தியாக வேண்டும் என்று தரநிலை கோருகிறது. ஆனால் அதை அளப்பதற்குத் திரும்பத் திரும்ப ஒரே முடிவு தரும் ஓட்டம் எதையும் அது விதிக்கவில்லை. அளவீட்டின் இடத்தில் ஆவணம் வந்து அமர்ந்தது: அமைப்பின் உறுப்புகளைக் காட்டும் வரைபடம், இயங்கும் முறை பற்றிய சுருக்க விளக்கம், நேராக நழுவும் வண்டியை அது எவ்வாறு திருத்துகிறது என்ற குறிப்பு ஆகியவற்றை நிர்வாகம் கேட்டால் உற்பத்தியாளர் தர வேண்டும். மழை நனைத்த வளைவில் சற்று வேகமாக நுழைந்துவிடும் குடும்பக் காருக்கு நேரக்கூடியது பெரும்பாலும் இந்த இரண்டாம் பிழைதான் என்பதால், காகிதத்தை ஏற்று அமைந்தது பெரிய விட்டுக்கொடுத்தல். நனைந்த தளத்தின் வழுக்கலை நாளுக்கு நாள் மாறாமல் வைத்திருப்பது கடினம் என்பது உண்மைதான். ஆனால் கடினமானதை அளக்கக் கற்பதே சோதனைக் கூடங்களின் கடமையாகும். 2008-இல் ஐக்கிய நாடுகள் அவையின் வாகன ஒழுங்குமுறை மன்றம் எட்டாம் உலகளாவிய தொழில்நுட்ப ஒழுங்குமுறையாக இச்சோதனையை ஏற்றபோது, ஸ்டீயரிங் இயந்திரத்தோடும் 1.83 மீட்டரோடும் சேர்த்து இந்த ஆவண ஏற்பாட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது.