ஜிப், பட்டன், பாக்கெட்: அச்சு பிசகாமல் இருக்க

தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு. எண் அச்சிட்ட பனியனோடு மாடுபிடி வீரர்கள் களமிறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பனியன் மேடுபள்ளம் இல்லாத துணி. ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு அதுதான் தோது.

ஜிப், பட்டன், பாக்கெட் உள்ள சட்டை என்றால் கதை வேறு. தையல் மேடு, வலை கட்டிய அச்சுச் சட்டத்தைத் தூக்கிவிடும். துணிக்கும் வலைக்கும் இடையே விழும் இடைவெளியில் மை பரவி எழுத்து ஊறிவிடும். ஜிப்பின் பல் பட்டால் வலையே கிழியும். கைதேர்ந்த அச்சுக்காரர்கள், ஜிப்பும் பட்டனும் உள்ளே இறங்கும்படி பலகையில் பள்ளம் வெட்டி, அதன்மேல் துணியைப் பரப்புவார்கள். பாக்கெட்டுக்கு அதன் அளவிலேயே சிறு பலகை செய்து உள்ளே நுழைத்துவிடலாம்; மேடு தெரியாது.

சூட்டையும் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிசால் மை இறுக சுமார் 160 டிகிரி செல்சியஸ் தேவை. அந்தச் சூட்டில் மட்டமான பிளாஸ்டிக் பட்டன் நெளியும்.

இதையெல்லாம்விட நல்ல வழி, தைப்பதற்கு முன்பே வெட்டிய துணியில் அச்சிடுவது. திருப்பூரில் பெரும்பாலும் அப்படித்தான். திருவிழாவுக்கோ பள்ளி விழாவுக்கோ சட்டை தைக்கக் கொடுப்பவர்கள், துணியை வெட்டியதும் முதலில் அச்சுக்கடைக்கு அனுப்புங்கள்.