பாண் இல்லாத காலைச் சாப்பாடு

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் விடிந்தும் விடியாததுமாக ஒரு மெட்டு கேட்கும். பீத்தோவனின் ‘ஃபூர் எலிசே’. கொழும்புப் பிள்ளைகளுக்கு அது பாண் வண்டியின் பாட்டு. கண்ணாடிப் பெட்டி பூட்டிய ஓட்டோ வந்து நிற்கும். மாடிவீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து ஒரு றாத்தல் பாணும் நாலைந்து பணிஸும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். மேலே பருப்பு கொதித்தபடி இருக்கும், சம்பலும் தயார். பத்து நிமிடத்தில் வீடு முழுவதும் சாப்பிட்டு வெளிக்கிட்டுவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தை யாரும் குறைவாக எண்ணக் கூடாது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போகிற வீட்டில், ஆறரைக்குப் பள்ளிக்கூட வான் வந்து ஹோர்ன் அடிக்கிற ஒழுங்கையில், பாணைப் போல உதவுகிற சாப்பாடு வேறில்லை. அவிக்க வேண்டாம், அரைக்க வேண்டாம், பாத்திரமும் அதிகம் கழுவ வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் விடியவே வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே ‘பாணை விடுங்கள்’ என்று சொல்லுகிறவர்கள், காலையில் அந்தக் குசினியில் நிற்கும் பெண்ணுக்கு முதலில் ஒரு வழி சொல்ல வேண்டும்.

விட நினைப்பதற்குக் காரணங்கள் உண்டு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடு தழுவி நடந்த ஆய்வு, இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் கண்டது. பிந்திய கணக்கெடுப்புகளில் நீரிழிவின் பங்கு இன்னும் கூடியிருக்கிறது. கிராமத்தைவிட நகரத்தில் அது அதிகம். வெள்ளைப் பாண் இரத்தத்தில் சீனியை வேகமாக ஏற்றும் உணவுகளில் ஒன்று. 100 கிராம் பாணில் நார்ச்சத்து இரண்டரைக் கிராம் அளவில்தான் இருக்கும். அவித்த கொண்டைக்கடலையில் அதே நிறைக்கு ஏழு கிராமுக்கு மேல். புரதம் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. பாணைப் பருப்புக்கறியோடு சாப்பிட்டால் சீனி ஏறும் வேகம் குறைகிறது என்பதை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். எனவே விடவே முடியாதவர்கள் பாண் துண்டைக் குறைத்துப் பருப்பைக் கூட்டினால், அதுவும் ஒரு முன்னேற்றமே.

இன்னொரு காரணம் இந்த நாட்டின் அனுபவம். இலங்கையில் கோதுமை விளைவதில்லை. போர்த்துக்கீசர் காலத்தில் பாண் அறிமுகமானாலும், ஏழை வீட்டுத் தட்டுக்கு அது வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போதுதான். 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீட்டில் கோதுமை மா அரிசிக்குத் துணையாக நுழைந்தது. போர் முடிந்த பிறகும் அது திரும்பிப் போகவில்லை. பிறகு அமெரிக்க உதவியாக மா வந்தது. யாழ்ப்பாணத்தில் பழைய ஆட்கள் அதை ‘அமெரிக்கன் மா’ என்பார்கள். 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை இயங்கத் தொடங்கியபின், கோதுமையைக் கப்பலில் இறக்கி இங்கேயே அரைக்கிற ஏற்பாடு நிலைபெற்றது. கோதுமையோ இன்றும் கடல் கடந்துதான் வருகிறது.

கடலுக்கு அப்பால் ஏதாவது பிசகினால் அது கொட்டாஞ்சேனைப் பேக்கரியில் தெரிந்துவிடும். 1970களின் முற்பகுதியில் பாணுக்காக இருட்டோடு வரிசையில் நின்றதை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. 2022இல் அது வேறு வடிவில் திரும்பி வந்தது. டொலர் இல்லை, உக்ரேனில் போர், சமையல் எரிவாயு இல்லை. மாவின் விலை ஏற ஏறப் பாணின் விலையும் ஏறியது. எரிவாயு கிடைக்காமல் பேக்கரிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கவும் அரசாங்கம் தீர்மானித்தது. மரவள்ளியும் ஈரப்பலாக்காயும் பலாக்காயும் நகரத்து மேசைகளில் மறுபடி ஏறின.

சரி, பாணை நிறுத்தியாயிற்று. பதிலுக்கு என்ன? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பாணுக்குப் பதில் கடையில் ரொட்டி, கொத்து, பரோட்டா, வெள்ளை இடியப்பம் என்று வாங்கினால், பெரும்பாலும் அதே கோதுமை மாதான் வேறு உருவத்தில் தட்டுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளிலேயே புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மா கலப்பது வழமை. தோசைக்கும் உளுந்தோடு அதைக் கரைப்பவர்கள் உண்டு. ருசியில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாற்றம் வேண்டுமென்று புறப்பட்டவருக்கு அது மாற்றமில்லை. ஆகவே சாப்பாட்டுக் கடை வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “அக்கா, இடியப்பம் அரிசி மாவோ, கோதம்ப மாவோ?” என்பதுதான்.

அரிசி மாப் புட்டு அவிக்கப் பழகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து இடித்து வறுத்த மா, வெள்ளவத்தைக் கடைகளில் பைக்கற்றில் கிடைக்கிறது. உப்புப் போட்டுக் கொதித்த தண்ணீரை மாவில் கொஞ்சங்கொஞ்சமாகத் தெளித்து, முதலில் அகப்பைக் காம்பால் கிளற வேண்டும். கை பொறுக்கிற சூடு வந்ததும் விரல் நுனியால் பிசிறுவது. பிறகு சுண்டைக் கவிழ்த்து, அதன் விளிம்பால் கட்டிகளைக் கொத்திக்கொண்டே வந்தால் மா சிறுமணியாக உதிரும். தண்ணீர் கூடினால் களியாகிவிடும். குறைந்தால் அவிந்த பிறகும் தொண்டையில் அடைக்கும். கைப்பிடியில் இறுக்கினால் பிடிபட்டு, விரலால் தட்டினால் உதிர்கிற பதம்தான் பதம். தேங்காய்ப்பூ கலந்து நீத்துப்பெட்டியில் வைத்து ஆவி மேலே வந்ததும் இறக்கிவிடலாம். கொத்திய மாவை இரவே மூடிக் குளிரூட்டியில் வைத்துவிட்டால் காலையில் அவிக்கிற வேலை மட்டும்தான் மிச்சம்.

பாண் விரும்பிகளுக்குப் புட்டு ஏன் பிடிக்கிறது என்றால், அதுவும் குழம்பைக் குடிக்கும். பாணில் அவர்கள் தேடுகிற திருப்தியில் பாதி அங்கேதான் இருக்கிறது: சொதியையும் பருப்பையும் மீன் குழம்பையும் உறிஞ்சி, மெதுவாக வாய்க்குள் போவது. அந்தக் குணம் இல்லாத மாற்று எதுவும் வீட்டில் ஒரு வாரம் தாண்டாது. குரக்கன் மாவை அரிசி மாவோடு பாதிப்பாதி சேர்த்துப் புட்டாக்கினால் அது நின்றுபிடிக்கும். 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது. வேறெந்தத் தானியமும் அதற்குக் கிட்ட வராது. ஆனால் குரக்கன் என்றதும் எவ்வளவும் சாப்பிடலாம் என்று நீரிழிவுக்காரர் நினைக்கக் கூடாது. நைசாக அரைத்த மா எதுவானாலும் வேகமாகத்தான் செரிக்கும். அளவு முக்கியம், கூட வரும் கறி அதைவிட முக்கியம்.

அவிக்கவே நேரமில்லாதவர்களுக்கு இடியப்பம் இருக்கிறது. வீட்டில் அவித்து எண்ணிக் கட்டி, கடைகளுக்கும் அயல் வீடுகளுக்கும் ஓடருக்குக் கொடுக்கும் பெண்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிறார்கள். சிவப்பரிசி மா இடியப்பத்தை முதல் நாளே சொல்லி எடுத்தால் பாண் வாங்குவதைவிட அதிக சிரமமில்லை. காசும் அயலில் உள்ள ஒரு வீட்டுக்கே போகிறது.

கடலை, பயறு, கௌபி மூன்றையும் நகரத்து வீடுகள் மாலை நேரத் தீனியாக மட்டுமே நினைத்துவிட்டன. காலிமுகத்திடலில் வாங்கிக் கொறிக்கிற கடலைதான், உண்மையில் இந்தப் பட்டியலில் மிகத் திறமான காலைச் சாப்பாடு. இரவு ஊறவைத்து, காலையில் குக்கரில் அவிய விட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ச் சொட்டுப் போட்டு ஒரு பிரட்டு. பயறென்றால் வெறுமனே அவித்துத் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும். பதினொரு மணிவரை பசி எட்டிப் பார்க்காது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்கும் இது பொருந்தும். பாண் துண்டைப் போல மதியத்துக்குள் காய்ந்து விறைக்காது.

கிழங்கும் அப்படியே. வெள்ளவத்தைச் சந்தையில் மரவள்ளி, வத்தாளை, காலம் வந்தால் ஈரப்பலாக்காய். மரவள்ளியில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதில் இயல்பாகவே சயனைட்டை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. தோலை நன்றாக உரித்து, நிறையத் தண்ணீரில் மூடியைத் திறந்து வைத்து அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். நீல வரி ஓடிய பழைய கிழங்கை வாங்கவே கூடாது.

எல்லாவற்றிலும் வேலை குறைந்தது பழஞ்சோறு. இரவு மிஞ்சிய சிவப்பரிசிச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்தால் முடிந்தது. மாடிவீட்டுக்குக் குடிவந்தவர்கள் இதை ஊரோடு விட்டுவிட்டு வந்தது பெரிய இழப்பு. ஒடியல் புட்டையும் விட்டுவிடக் கூடாது. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து கைப்பைப் போக்கி, மீனோ கணவாயோ சேர்த்து அவிப்பார்கள். ஞாயிறு காலைக்கு அது போதும், மதியத்துக்கும் பசிக்காது. கொழும்பில் பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையத்தில் பனம்பொருள்கள் கிடைக்கின்றன.

இந்த மாற்றுகளுக்குப் பெரிய தடை சோம்பலல்ல, தேங்காய். புட்டு, சொதி, சம்பல் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். 2024 கடைசியிலும் 2025இலும் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தொட்டபோது, பாணும் பருப்பும்தான் மலிவு என்று பல வீடுகள் திரும்பிப் போயின. அதில் நியாயம் இருக்கிறது. அப்படியான காலத்தில் கடலையும் பயறும் பழஞ்சோறும்தான் கைகொடுக்கும். மூன்றும் தேங்காய் இல்லாமலே நிற்கக்கூடியவை.

வீட்டுக்கு வெளியே இது நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. விவசாயத் திணைக்களம் தொடங்கிய ‘ஹெல போஜுன்’ கடைகளிலும் வடக்கின் ‘அம்மாச்சி’ உணவகங்களிலும் பெண்கள் அரிசி மா, குரக்கன், உளுந்து, இலைக்கஞ்சி என்று கண்முன்னே சமைத்து விற்கிறார்கள். சனம் வரிசையில் நின்று வாங்குகிறது. கொழும்பில் அப்படியான கடைகள் கொட்டாஞ்சேனைச் சந்திகளிலும் காலி வீதியோரத்திலும் பெருக மாநகர சபை இடம் ஒதுக்க வேண்டும். வாசகர்கள் செய்யக்கூடியது அதைவிடச் சின்ன வேலை: கிழமையில் இரண்டு காலைகளைக் கடலைக்கும் பயறுக்கும் ஒதுக்குங்கள்; இடியப்பம் வாங்கும்போது என்ன மா என்று கேட்டு வாங்குங்கள்; நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றுமுன் ஒரு தடவை வைத்தியரிடம் கேளுங்கள்.