ஹப்பிள் தொலைநோக்கியின் குறையைப் படங்களே காட்டிக்கொடுத்தது எப்படி? 'கட்ட மீட்பு' நுட்பம் – ஒரு விளக்கம்

விண்வெளியில் சுற்றிவரும் தொலைநோக்கியின் கண்ணாடியில் பிழை நேர்ந்துவிட்டால், அதைத் தரைக்குக் கொண்டுவராமலேயே அளக்க முடியுமா? முடியும் என்பதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் அனுபவம் உணர்த்தியது. அதற்குப் பெரிதும் கைகொடுத்தது 'கட்ட மீட்பு' எனப்படும் கணித முறையாகும்.

நடந்தது என்ன?

நாசாவின் டிஸ்கவரி விண்கலம் மூலம் ஹப்பிள் 1990 ஏப்ரல் 24 அன்று விண்ணில் செலுத்தப்பட்டது. அது அனுப்பிய படங்களில் விண்மீன்கள் கூர்மையான புள்ளிகளாக இல்லாமல், சுற்றிலும் மங்கிய ஒளிவட்டத்துடன் காணப்பட்டன. 2.4 மீட்டர் விட்டமுடைய முதன்மைக் கண்ணாடியின் விளிம்பு, தேவைக்கும் அதிகமாகச் சுமார் 2.2 மைக்ரோமீட்டர் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்ததே காரணம். இது தலைமுடியின் தடிமனில் சுமார் 50-இல் ஒரு பங்கு.

கேமரா பதிவு செய்யாதது எது?

ஒளி அலைக்கு அலைவீச்சு, கட்டம் என இரு பண்புகள் உண்டு. ஓர் இடத்தை வந்தடையும் அலை, அக்கணத்தில் முகட்டில் உள்ளதா, பள்ளத்தில் உள்ளதா என்பதைக் குறிப்பதே கட்டம். காணக்கூடிய ஒளி நொடிக்குச் சுமார் 500 லட்சம் கோடி முறை அதிர்வதால், எந்தக் கேமராவாலும் அதைப் பின்தொடர இயலாது. ஒளியின் செறிவு மட்டுமே படத்தில் பதிவாகிறது. கட்டம் பற்றிய தகவல் இழக்கப்படுகிறது. கண்ணாடியின் மேடுபள்ளங்களால் ஒளி சற்று முந்தியோ பிந்தியோ வருவதால், அந்தக் கட்டத்தில்தான் கண்ணாடியின் வடிவப் பிழை பொதிந்திருக்கிறது.

மீட்பது எப்படி?

இதற்கான அடிப்படை வழிமுறையை கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் ஆகியோர் 1972-இல் வெளியிட்டனர். ஜேம்ஸ் ஃபீனப் பின்னர் அதை மேம்படுத்தினார். முதலில் கட்டம் இன்னதாக இருக்கலாம் என்று கணினி ஊகிக்கிறது. அந்த ஊகத்தின்படி உருவாக வேண்டிய படத்தைக் கணக்கிடுகிறது. கணக்கில் கிடைத்த கட்டத்தை வைத்துக்கொண்டு, செறிவுக்கு மட்டும் உண்மைப் படத்தின் அளவை இட்டு, மீண்டும் கண்ணாடி வரை பின்னோக்கிக் கணக்கிடுகிறது. இரண்டும் பொருந்தும் வரை இச்சுழற்சி தொடர்கிறது.

எனினும், வெவ்வேறு கட்ட அமைப்புகள் ஒரே படத்தைத் தரக்கூடும் என்பதே இதிலுள்ள சிக்கல். எனவே குவியத்தை மாற்றி மாற்றி எடுத்த பல படங்கள் பயன்படுத்தப்படுகின்றன. அவை அனைத்துடனும் பொருந்தும் விடையே ஏற்கப்படுகிறது.

விளைவு என்ன?

ஹப்பிளில் பிழையின் அளவைத் துல்லியமாக அறிவது இன்றியமையாததாக இருந்தது. அளவு தவறினால், திருத்துவதற்காக அனுப்பப்படும் கருவியும் பயனற்றுப் போயிருக்கும். படங்களிலிருந்து பெற்ற கணக்கீடுகளுடன், கண்ணாடியைச் சோதித்த கருவியும் தரையில் ஆராயப்பட்டது. அக்கருவியின் லென்ஸ் ஒன்று 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் சென்ற வீரர்கள் திருத்தக் கருவிகளைப் பொருத்தினர். மூக்குக் கண்ணாடி அணிந்ததுபோல ஹப்பிளின் பார்வை தெளிந்தது.

அன்று பழுது கண்டறிய உதவிய இம்முறை, இன்று தொலைநோக்கியை இயக்கத் தொடங்குவதற்கான திட்டத்திலேயே இடம்பெற்றுள்ளது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 18 கண்ணாடித் துண்டுகளும் 6.5 மீட்டர் விட்டமுடைய ஒரே கண்ணாடிபோல 2022-இல் ஒருங்கமைக்கப்பட்டது இதன் துணையுடன்தான்.