ஆற்று வெள்ளமும் முற்றத்து மழையும்

மைசூருக்கு அருகே, காவிரியின் இரு கிளைகளுக்கிடையே தீவாக அமைந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நீருக்குக் குறைவிராது என்றே வெளியூரார் எண்ணுவர். ஆடி மாதத்து வெள்ளத்தைக் காண்போருக்கு இவ்வெண்ணம் உறுதிப்படவும் கூடும். ஆயினும் அதே நாளில் மேட்டுப்பாங்கான ஒரு வீட்டின் கொல்லையைக் கடப்பாரையால் கிளறிப் பார்ப்பின், ஒரு சாண் ஆழத்திலேயே மண் உலர்ந்திருத்தல் அரிதன்று.

ஆற்றில் வருவது குடகு மலையில் பெய்த மழை. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலைகளில் இழந்த பின்னரே மைசூர்ப் பீடபூமியை அடைகிறது. ஆகையால் இவ்வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர் மட்டுமே. அதிலும் பெரும்பங்கு மே மாதத்து இடிமழையாகவும், செப்டம்பர், அக்டோபர் மழையாகவும் பெய்கிறது. வீட்டுத் தோட்டத்தின் பஞ்சாங்கம் இதுவே.

மணல் கலந்த செம்மண், பத்து சென்டிமீட்டர் ஆழத்திற்குச் செடிகள் பயன்கொள்ளத்தக்க நீராகச் சுமார் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை தாங்கும். எனவே உலர்ந்த நிலத்தில் 25 மில்லிமீட்டர் மழை நிதானமாகப் பெய்தால் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் வரை நனையும். அதே அளவு, இடைவெளி விட்டு ஐந்து தூறல்களாகப் பெய்தால் மேல்மண் நனைந்து நனைந்து காயுமேயன்றி, வேருக்கு எட்டுவது சொற்பம். ஒரே மணியில் கொட்டித் தீர்த்தாலோ ஒரு பகுதி தெருவோடு ஓடிவிடக்கூடும். நூறு சதுர மீட்டர் முற்றத்தில் 25 மில்லிமீட்டர் மழை என்பது 2,500 லிட்டர். முற்றம் முழுவதற்கும் சிமெண்டுத் தளமிடுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தென்னையில் வறட்சியின் விளைவு அடுத்த ஆண்டுகளின் காய்ப்பிலும் தெரியும். முருங்கையோ, வேரடியில் நீர் தேங்கிக் காற்றின்றிப் போனால் வாடும்.

ஜீவராசிகளின் செய்தி இன்னும் சுவையானது. முதல் நல்ல மழைக்குப் பின் ஈசல் புறப்படுகிறது. இறகுதிர்த்த இணை வளை தோண்டுவதற்கு ஈரமண் இன்றியமையாதது. தோலால் சுவாசிக்கும் மண்புழு மேலே வருகிறது. பசும்புல் நீண்டு வளர்ந்த பின்னரே தூக்கணாங்குருவி கூடு பின்னத் தொடங்கும். குட்டையில் முட்டையிடும் தவளைக்கு, தலைப்பிரட்டை உருமாறும்வரை, அதாவது சில வாரங்கள், நீர் நிற்க வேண்டும். கொசுவுக்கோ ஒரு வாரம், பத்து நாள் போதும். எனவே உடைந்த சட்டிகளைக் கவிழ்ப்பதும், தவளை வாழும் குட்டையைத் தூர்க்காமல் விடுவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

குடகின் மழையும் இங்குள்ள உயிர்களைத் தொடாமலில்லை. அருகிலுள்ள ரங்கனதிட்டு, பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940இல் சரணாலயமாயிற்று. அங்கு ஆற்று ஆலா, பாறைத் திட்டுகளில் வெறுந்தரையிலேயே முட்டையிடும். கிருஷ்ணராஜசாகரத்திலிருந்து திடீரென நீர் திறந்துவிடப்பட்டால் தாழ்ந்த கூடுகள் அழியும். 2018, 2019 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளத்தில் திட்டுகள் பலவும் மூழ்கின. முற்றத்தில் ஒரு துளியும் விழாத நாளிலும் இவ்விபத்து நேரலாம்.

பள்ளிகளில் இதனைச் சோதித்தறிய, பக்கங்கள் நேராயுள்ள ஒரு தகர டப்பாவும் அளவுகோலும் போதும். நாள்தோறும் மழையளவை ஒரு பத்தியிலும், ஆற்றுப் படித்துறையில் நீர் நிற்கும் படியின் எண்ணை மறுபத்தியிலும், ஒரு சாண் ஆழத்து மண் கைப்பிடியில் உருண்டையாகிறதா, உதிர்கிறதா என்பதை மூன்றாவதிலும் மாணவர் குறித்து வரட்டும். ஆகஸ்டு மாதத்தில் மூன்றாம் பத்தி எதனோடு ஒத்துச் செல்கிறது என்பதை ஆசிரியர் சொல்லித்தர வேண்டியிராது.