சாலையில் இருபது மீட்டர்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், காலை நேரத்தில் பெரியநாயக்கன்பாளையத்தைக் கடந்திருக்கிறீர்களா? இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்துக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் செல்லும் மாணவர்கள், வேலைக்குச் செல்லும் தொழிலாளர்கள், பஸ்ஸைப் பிடிக்கச் சாலையைக் கடக்கும் முதியவர்கள் எனப் பலரையும் அங்கே காணலாம். இவர்களுக்கு ஊடேதான் நீலகிரிக்குச் செல்லும் கார்களும் சரக்கு லாரிகளும் விரைகின்றன. மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர், 15 கி.மீ. வேகத்தில் சைக்கிள் மிதிப்பவர், 60 கி.மீ. வேகத்தில் கார் ஓட்டுபவர் ஆகிய மூவருக்கும் சாலை ஒன்றே. இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்.

இதைத் தவிர்க்க வழி உண்டா? பள்ளியில் நாம் படித்த பௌதிகமே வழி காட்டுகிறது.

வண்டி எங்கே நிற்கும்?

ஆபத்தைக் கண்டவுடன் வண்டி நின்றுவிடுவதில்லை. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. அதுவரை வண்டி பழைய வேகத்திலேயே ஓடும். பிறகு பிரேக் பிடிக்கிறது. உலர்ந்த தார்ச்சாலையில், ஒவ்வொரு வினாடியிலும் வேகம் வினாடிக்கு 7 மீட்டர் குறைவதாகக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் கார், பிரேக் பிடிக்கும் முன் 11 மீட்டரும், பிடித்த பின் 9 மீட்டரும் ஓடி, மொத்தம் 20 மீட்டரில் நின்றுவிடும். 60 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்பதற்கோ 17 மீட்டரும் 20 மீட்டரும் சேர்ந்து 37 மீட்டர் தேவை. வேகம் ஒன்றரை மடங்கானால் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் அழித்தாக வேண்டும்.

20 மீட்டருக்குச் சற்று அப்பால் ஒரு சிறுமி சாலையில் கால் வைக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கார் அவளைத் தொடாமல் நிற்கும். இரண்டாவது கார் எந்த வேகத்தில் மோதும்? 20 கி.மீ. என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் ஏறத்தாழ 55 கி.மீ. வேகத்தில் மோதும்! ஏனெனில், கால் பிரேக்கைத் தொடும் முன்பே 17 மீட்டர் கழிந்துவிட்டது. 55 கி.மீ. என்பது 12 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு அடுக்குக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, விழும் பொருள் தரையைத் தொடும் வேகம். மழையில் சாலை நனைந்திருந்தால் நிற்கும் தூரம் இன்னும் கூடும்.

சைக்கிள் ஏன் வளைகிறது?

ஈரமான மண்ணில் சைக்கிள் சென்ற தடத்தைப் பாருங்கள். அது நேர்கோடாக இராது. பாம்புபோல் சற்றே நெளிந்திருக்கும். சாயும் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் சைக்கிள் ஓட்டுபவர் நிமிர்ந்து நிற்கிறார். இந்த நெளிவு அவருடைய குறை அன்று, சைக்கிளின் இயல்பு. அதோடு, பெரிய லாரி அருகே கடக்கும்போது காற்று முதலில் அவரை வெளியே தள்ளி, பின்னர் உள்ளே இழுக்கும். ஆகவேதான் ஜெர்மனியில் சைக்கிளைக் கடக்கும் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டரும், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் விலகிச் செல்ல வேண்டும் எனச் சட்டம் வகுத்துள்ளனர். அவ்வளவு இடம் இல்லையெனில், இடம் கிடைக்கும்வரை பின்னால் பொறுத்து வருவதே முறை.

நாம் செய்ய வேண்டியவை

நடைபாதை இல்லாத சாலையில் வலப்புறமாக நடங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும். சைக்கிளில் செல்வோர் இடப்புறமாகச் சென்று, திரும்புமுன் பின்னால் பார்த்துக் கை காட்ட வேண்டும். இரவில் வெளிர்நிற உடையும், சைக்கிளின் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பானும் உயிர் காக்கும். ஆனால் எடை மிக்க, வேகம் மிக்க வண்டியை ஓட்டுபவருக்கே பொறுப்பும் மிகுதி.

இறுதியாக ஒரு கணக்கு. ஊருக்குள் இரண்டு கிலோமீட்டரை 60 கி.மீ. வேகத்தில் கடக்க இரண்டு நிமிடம், 40 கி.மீ. வேகத்தில் மூன்று நிமிடம். அந்தச் சிறுமிக்காக நாம் விட்டுக்கொடுக்க வேண்டியது ஒரே ஒரு நிமிடம்தான்.